தீரன் சின்னமலையின் முகம் எது?

ஆடி பதினெட்டு நெருங்கினால் எங்கள் முதலிபாளையம் சுற்றுவட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் தீரன் சின்னமலைதான். ஃப்ளெக்ஸில் இருப்பார், ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருப்பார், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருப்பார், டீ-சர்ட்டின் நெஞ்சிலும் இருப்பார். சிட்கோ பக்கம் இருந்து காங்கேயம் ரோடு வரை ஒரு தடவை வண்டியில் போய் வாருங்கள். ஒரு ஃப்ளெக்ஸில் முகம் வட்டமாக இருக்கும், அடுத்ததில் நீளமாக இருக்கும். ஒன்றில் முப்பது வயது இளைஞர், இன்னொன்றில் ஐம்பதைத் தாண்டியவர். தலைப்பாகையின் நிறம் கட்சிக்குக் கட்சி, அமைப்புக்கு அமைப்பு மாறும்.

இப்போது புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஏஐ மென்பொருளில் செய்த படம். தோலில் வியர்வைத் துளி, கண்ணில் ஒளி, மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. கீழே “இதுதான் தீரனின் உண்மை முகம், ஏஐ மூலம் மீட்டெடுக்கப்பட்டது” என்று எழுதி அனுப்புகிறார்கள். எனக்கு வந்ததையே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். ஒரு நண்பரின் மகள், எட்டாம் வகுப்பு, என்னிடம் கேட்டாள்: “மாமா, இது நெசமாலுமே அவர் மூஞ்சியா?”

சின்னப் பெண் கேட்ட கேள்விதான், ஆனால் சரியான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில். சுருக்கமாகச் சொன்னால், இல்லை. நாம் பார்க்கும் சின்னமலை படங்கள் எல்லாமே அவர் காலத்துக்கு மிகவும் பிந்தியவை. ஓவியர்களின் மனதில் இருந்து வந்தவை. ஆனால் “இல்லை” என்பதோடு நிறுத்திவிட்டால் விஷயம் பாதிதான். ஏன் இல்லை, யாருக்கெல்லாம் இருக்கிறது, ஒரு வீரரின் ஓவியத்தைப் பார்த்தால் அதை எப்படி எடைபோடுவது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் மனிதர்

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இயற்பெயர் தீர்த்தகிரி. 1756-ல் காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்தவர். மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்து வாங்கிக்கொண்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்” என்று சொன்னதால் அந்தப் பெயர் வந்தது என்பது கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. பிற்பாடு அதே மைசூரின் திப்பு சுல்தானோடு சேர்ந்து கம்பெனிப் படையை எதிர்த்தார். 1799 மே 4-ம் தேதி சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபிறகு, அரச்சலூர் பக்கத்து ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு போரைத் தொடர்ந்தார். 1801-ல் காவிரிக் கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என்று மூன்று மோதல்களைச் சொல்கிறார்கள். கடைசியில் பிடிபட்டு, 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

1839-ல்தான் புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. சின்னமலை இறந்து 34 வருஷம் கழித்து! ஆகவே “அரிய புகைப்படம்” என்று எது வந்தாலும் அந்த இடத்திலேயே தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பது ஓவியம்தான். அவரை உட்கார வைத்து யாராவது வரைந்தார்களா?

யாருக்கு முகம் கிடைத்தது?

இங்கே திப்புவை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இருவரும் ஒரே காலம், ஒரே எதிரி. ஆனால் திப்புவுக்கு ஓவியங்கள் இருக்கின்றன. காரணம் எளிது. அவர் அரசர், அவருக்கு ஓவியர்கள் இருந்தார்கள். சீரங்கப்பட்டணத்தில் அவர் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில், 1780-ல் கம்பெனியைத் தோற்கடித்த பொள்ளிலூர்ப் போர் முழுநீளத்துக்கு வரையப்பட்டிருக்கிறது. ஐதர் அலியும் திப்புவும் ஊர்வலமாக வருவார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எதிரியிடமும் ஓவியர்கள் இருந்தார்கள். 1792-ல் சமாதான உடன்படிக்கை நடந்த சமயத்தில் ஜி. எஃப். செர்ரி என்ற கம்பெனி அதிகாரி திப்புவை வரைந்தார்.

ஆனால் இங்கேயும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். தரியா தௌலத் சுவரோவியங்கள் பின்னாளில் சீரமைக்கப்பட்டவை. இன்று நாம் பார்க்கும் கோடுகள் அத்தனையும் முதல் ஓவியரின் கை என்று சொல்ல முடியாது. இன்னொரு புகழ்பெற்ற ஓவியம், இறந்து கிடக்கும் திப்புவை பெயர்ட் என்ற தளபதி விளக்கு வெளிச்சத்தில் கண்டெடுப்பது. டேவிட் வில்கி வரைந்தது, பிரமாண்டமானது. அது முடிந்த வருஷம் 1839. சம்பவம் நடந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அதுபோக, வில்கி இந்தியாவுக்கு வந்ததே இல்லை! பெயர்டின் மனைவி, கணவர் இறந்தபிறகு அவர் புகழுக்காக வரையச் சொன்னது. அந்த ஓவியத்தில் திப்பு எப்படி இருக்கிறார் என்று பார்த்து நாம் திப்புவைத் தெரிந்துகொள்ள முடியாது. பெயர்ட் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது ஓடாநிலைக்கு வருவோம். ஒரு பாளையக்காரர், அதிலும் வருஷக்கணக்காகத் தேடப்பட்டவர். அவரிடம் அரசவை ஓவியர் ஏது? நம் பக்கத்தில் அந்தக் காலத்து உருவப்படம் என்றால் பெரும்பாலும் கோயில் தூணில் கைகூப்பி நிற்கும் கல் உருவம்தான். மதுரை புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் நிற்பதுபோல. அதற்கும் கோயில் கட்டும் அளவுக்கு அமைதியான ஆட்சியும் பணமும் வேண்டும். கம்பெனி பக்கத்திலோ சின்னமலை ஒரு கலகக்காரர். தூக்கில் போடத்தான் நேரம் இருந்தது.

எதிரி எழுதி வைத்த முகம்

வரையாவிட்டாலும் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த அதிர்ஷ்டம் மருது சகோதரர்களுக்குக் கிடைத்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1830-ல் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். 1795 வாக்கில் சின்ன மருது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். பழகினவர் ஆச்சே, அதனால் எழுதுகிறார். சின்ன மருது கட்டான உடம்புக்காரர், இனிமையாகப் பழகுபவர். பெரிய மருது வேட்டைப் பிரியர், ஆர்க்காட்டு ரூபாய் நாணயத்தை விரலால் வளைக்கும் அளவுக்குப் பலசாலி. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்ட அதே படையைச் சேர்ந்தவர்தான் இதை எழுதுகிறார், அதுவும் ஒரு வருத்தத்தோடு.

இது ஓவியம் இல்லை, ஆனால் ஓவியர் ஒருவர் வரைய உட்கார்ந்தால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. இந்த அளவுக்கு நேரில் பழகி எழுதின வர்ணனை ஒன்று சின்னமலைக்குக் கிடைத்திருந்தால் நம் ஃப்ளெக்ஸ் எல்லாம் கொஞ்சமாவது ஒன்றுபோல இருந்திருக்கும்.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்னமலை, கட்டபொம்மன், பூலித்தேவன், பெரிய மருது, நான்கு பேரின் சமீபத்திய ஓவியங்களையும் எடுத்து, பெயரை மறைத்து, வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். தலைப்பாகை, முறுக்கு மீசை, வாள், நெஞ்சில் நகை. பெயரை மாற்றி மாற்றி ஒட்டினாலும் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நாம் முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை, சாமான்களை வைத்துக் காண்கிறோம். வேல் இருந்தால் முருகன், புல்லாங்குழல் இருந்தால் கண்ணன் என்று சொல்வது மாதிரிதான் இது. சாமி படத்துக்கு அது சரி. 49 வயதில் தூக்கில் தொங்கிய ஒரு மனிதருக்கு?

நடிகர் கொடுத்த முகம்

கட்டபொம்மன் விஷயத்தில் இந்த இடைவெளியை ஒரு நடிகர் நிரப்பினார். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவருக்கு, 1959-ல் சிவாஜி கணேசன் முகம் கொடுத்தார். அதற்குப்பிறகு கட்டபொம்மன் என்றால் நம் தலைமுறைக்கு வேறு முகமே தோன்றாது. மாறுவேடப் போட்டிக்குப் போகும் குழந்தைக்கு நாம் வரைந்துவிடும் மீசைகூட சிவாஜியின் மீசைதான். சிவாஜியை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் நடித்தார், நடிப்பு என்று சொல்லியே நடித்தார். அந்த முகத்தை வரலாறு ஆக்கிக்கொண்டது நாம்.

ஆக, மூலப்படம் இல்லாத இடத்தில் நடிகர் முகம் வந்து உட்கார்ந்துவிடும் என்பது தெரிகிறது. சரி, மூலப்படம் இருந்தால் இந்தக் குழப்பம் வராதா? வரும். அதற்கு நல்ல உதாரணம் நேதாஜி.

நேதாஜி ஓவியத்தில் வந்த சண்டை

சுபாஷ் சந்திர போஸுக்குப் புகைப்படப் பஞ்சமே இல்லை. 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கி ராணுவ உடையில் நின்ற காலத்தில் இருந்தே படங்கள் இருக்கின்றன. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றபிறகு கேட்கவே வேண்டாம். மலேயா தோட்டங்களில் இருந்து நம் தமிழர்கள், பெண்கள் உட்பட, அவர் படையில் சேர்ந்து அணிவகுத்து நின்ற படங்களும் உண்டு. அப்படி இருந்தும் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் ஓவியம் ஏறியது 1978 ஜனவரி 23-ல்தான். சிந்தாமணி கர் வரைந்தது, குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி திறந்து வைத்தார்.

சண்டை வந்தது அதில் இல்லை. 2021 ஜனவரி 23, நேதாஜியின் 125-வது பிறந்த ஆண்டின் தொடக்கம். குடியரசுத் தலைவர் மாளிகையில் ராம்நாத் கோவிந்த் ஒரு புதிய ஓவியத்தைத் திறந்து வைத்தார். இரண்டு நாளில் சமூக ஊடகம் கொதித்தது. “இது நேதாஜியே இல்லை, ‘கும்நாமி’ படத்தில் நேதாஜியாக நடித்த புரோசென்ஜித் சட்டர்ஜி!” படித்தவர்கள், பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் எல்லோரும் பகிர்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படத்தையும் வைத்துக் காட்டினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உண்மை வேறு. ஓவியர் பரேஷ் மைத்தி, நேதாஜி குடும்பத்தாரிடம் இருந்து வந்த ஒரு அசல் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தார். அந்தப் புகைப்படமும் வெளியே வந்தது. அதோடு விவகாரம் அடங்கியது. சினிமாவின் ஒப்பனைக் கலைஞர் சோம்நாத் குண்டு, நடிகரை நேதாஜியைப் போல ஆக்கியிருந்தார். ஒப்பனை அவ்வளவு நன்றாக இருந்ததால் நேதாஜியே அவரைப் போல ஆகிவிட்டார்!

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான பிழை. இரண்டு கோப்புகள் ஒன்றுபோல இருந்தால், ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடிக்கப்பட்டது என்று அவசரமாக முடிவு கட்டுவோம். மூன்றாவதாக ஒரு மூலம் இருந்து, இரண்டுமே அதில் இருந்து கிளைத்திருக்கலாம் என்பது தோன்றாது. ‘கிட்’ பயன்படுத்துபவர்கள் முதலில் பொது மூதாதையைத் தேடுவார்கள். மாமன் மகனும் அத்தை மகனும் ஒரே ஜாடையில் இருந்தால், ஒருவருக்கு ஒருவர் பிள்ளை என்றா சொல்கிறோம்? தாத்தாவைத் தேடுகிறோம் அல்லவா, அதேதான்.

நேதாஜி விஷயத்தில் தாத்தா இருந்தார், புகைப்படமாக. அதனால் இரண்டு நாளில் தீர்ந்தது. சின்னமலைக்கு இப்படி ஒரு சண்டை வந்தால் தீர்த்துவைக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதனால்தான் இங்கே சண்டையே வருவதில்லை. யார் எதை வரைந்தாலும் ஓடிவிடுகிறது.

டீ-சர்ட்டில் சே

திருப்பூரில் இருந்துகொண்டு சே குவேராவைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஊர் பிரிண்டிங் பட்டறைகளில் அவர் முகம் எத்தனை தடவை ஸ்கிரீனில் ஏறியிருக்கும் என்று எண்ணவே முடியாது.

அந்தப் படத்தின் வம்சாவளி சுத்தமாகத் தெரியும். 1960 மார்ச் 5, ஹவானாவில் ஒரு கப்பல் வெடிவிபத்தில் இறந்தவர்களுக்கான நிகழ்ச்சி. ஆல்பர்ட்டோ கோர்டா என்ற புகைப்படக்காரர் மேடையில் நின்ற சேவை எடுத்தார். அசலில் ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் ஒரு பனைமரக் கீற்று. அவற்றை வெட்டினார்கள். சே 1967 அக்டோபரில் பொலிவியாவில் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அந்தப் புகைப்படத்தைக் கையால் வரைந்து, சிவப்புப் பின்னணியில் கறுப்பு முகமாக மாற்றினார். தோள் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருப்பார். உலகம் முழுக்கப் பரவிய சிவப்பு போஸ்டர் அதுதான்.

ஒரு பட்டறைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “சே படம் அடிக்கறது சுலபமுங்க, கறுப்புக்கு ஒரே ஸ்கிரீன் போதும். தீரன் படம்னா அப்படி ஆகாது. நாலு கலராச்சும் வேணும், தலைப்பாகை, நகையெல்லாம் இருக்குதே” என்றார். அவர் ஸ்கிரீன் செலவைச் சொன்னார். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. சேவின் படத்தில் சாம்பல் நிறம் அத்தனையும் உதிர்ந்து வெறும் கறுப்பு ஒன்றே மிஞ்சியும் அது சே தான். காரணம், சங்கிலியின் முதல் கண்ணியில் நிஜ மனிதர் நின்றிருக்கிறார். சின்னமலை படத்துக்கு நாலு என்ன, நாற்பது கலர் கொடுத்தாலும் நிஜம் கூடாது.

ஏஐ எதை மீட்டெடுக்கிறது?

இப்போது அந்த “உண்மை முகம்” விஷயத்துக்கு வருகிறேன். என் பிழைப்பே மென்பொருள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம்.

ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சல் உள்ள ஒரு முகப்படத்தை எடுத்து, இருபதுக்கு இருபதாகச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பழைய 2,500 புள்ளிகளின் சராசரி. இந்தச் சின்னப் படத்தைக் கொடுத்து, பெரிய படத்தைத் திரும்பக் கொடு என்றால் முடியுமா? முடியாது. ஏனென்றால் அதே சராசரியைத் தரக்கூடிய பெரிய படங்கள் எண்ணில் அடங்காதவை. மூன்று பேரின் சராசரி வயது 40 என்று மட்டும் சொல்லிவிட்டு ஒவ்வொருவர் வயதையும் கேட்பது மாதிரி. ஏஐ மென்பொருள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். எதை? அது பழகிய லட்சக்கணக்கான முகங்களுக்கு எது அதிகம் ஒத்துப்போகிறதோ அதை.

2020-ல் இது வெளிப்படையாகவே நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘பல்ஸ்’ என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். மங்கலான முகத்தைக் கொடுத்தால் தெளிவான முகம் ஒன்றை உருவாக்கித் தரும். யாரோ பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைக்கார முகம் வந்தது! நமக்கு மங்கலிலும் ஒபாமா தெரிகிறார், ஏனென்றால் நமக்கு அவரைத் தெரியும். மென்பொருளுக்குத் தெரிந்தது அதற்குக் கொடுக்கப்பட்ட முகக் குவியல் மட்டும்.

ஒபாமாவுக்காவது மங்கலாக ஒரு நிஜப் படம் உள்ளே போனது. சின்னமலைக்கு உள்ளே போவது எது? யாரோ ஓர் ஓவியர் கற்பனையில் வரைந்த படம், இல்லையென்றால் “தலைப்பாகை கட்டிய, மீசை வைத்த, கொங்கு வீரர்” என்று தட்டச்சு செய்த ஒரு வரி. வெளியே வரும் தோல் சுருக்கமும் வியர்வையும் வேறு யார் யாருடைய புகைப்படங்களில் இருந்தோ கற்றுக்கொண்டவை. “மீட்டெடுத்தல்” என்ற சொல்லே இங்கே தவறு. தொலைத்த பொருளைத்தான் மீட்க முடியும். இங்கே பொருள் கணினிக்குள் போனதே இல்லை.

முன்பு ஓவியம் என்றால் ஓவியம் மாதிரியே தெரிந்தது. தூரிகைத் தடம் தெரியும், “யாரோ வரைந்தது” என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இப்போது கற்பனை புகைப்பட வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. புகைப்படத்தைப் பார்த்தால் நம்பச் சொல்லி நம் கண் பழக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தலைமுறை கழித்து அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் பேத்திக்கு இதுவே பாடப்புத்தகப் படமாகப் போய்ச் சேரலாம். என் கவலை அதுதான்.

கணக்குப் போட்டு மீட்கக்கூடியதும் உண்டு

தொலைந்தது எல்லாம் தொலைந்ததுதான் என்றும் சொல்லிவிட முடியாது. சில விஷயங்களை நேர்மையாகவே மீட்கலாம். ஒரு உதாரணம்.

சின்னமலை நினைவு நாளை ஆடி பதினெட்டு என்று கொண்டாடுகிறோம். அது இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருகிறது. ஆனால் பதிவுகள் 1805 ஜூலை 31 என்கின்றன. அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டதும் 200-வது ஆண்டான 2005 ஜூலை 31-ல்தான். எது சரி என்று வாட்ஸ்அப் குழுவில் அடித்துக்கொள்கிறார்கள்.

பஞ்சாங்கத்தின் சூரிய வருஷம் சுமார் 365 நாள், 6 மணி, 12 நிமிஷம். ஆங்கில நாட்காட்டியின் சராசரி வருஷம் 365 நாள், 5 மணி, 49 நிமிஷம். வருஷத்துக்கு 23 நிமிஷம் வித்தியாசம். 200 வருஷத்தில் அது சுமார் மூன்று நாளாகச் சேரும். அதாவது, ஆடி பதினெட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய்க்கொண்டே வருகிறது. ஆகஸ்ட் 2, 3-ல் இருந்து மூன்று நாள் பின்னால் போனால் ஜூலை 30, 31. ஆக, 1805-ல் ஆடி பதினெட்டும் ஜூலை 31-ம் ஏறக்குறைய ஒரே நாளில் வந்துவிடுகின்றன. ஊர் ஞாபகமும் காகிதப் பதிவும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

இங்கே நாம் எதையும் கற்பனை செய்யவில்லை. இரண்டு தனித்தனி சாட்சிகள் இருந்தன, நடுவில் ஒரு விதி இருந்தது, கூட்டிக் கழித்தோம். முகத்துக்கு அப்படிச் சாட்சியும் இல்லை, விதியும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும், பாதி வதந்தி நின்றுவிடும்.

அப்படியானால் படமே வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் இல்லாத ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு பஸ்கள் ஒரு காலத்தில் ‘தீரன் சின்னமலை’ பெயரில் ஓடின. 1997-ல் தலைவர்கள் பெயர்கள் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் எடுக்கப்பட்டபோது அதுவும் போனது. வெறும் பெயராக இருந்தது, அதனால் பெயின்ட் அடித்ததும் மறந்துபோனது. முகம் அப்படிச் சீக்கிரம் மறப்பதில்லை.

கற்பனை ஓவியத்தை எப்படி நேர்மையாக வைத்துக்கொள்வது என்பதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவள்ளுவர். வள்ளுவரை யாரும் பார்த்ததில்லை. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தார், அரசு 1964-ல் ஏற்றுக்கொண்டது. ஓவியர் யார், எந்தக் காலத்தில் வரைந்தார், யார் ஏற்றார்கள் என்பது எல்லாம் பதிவில் இருக்கிறது. அது கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மரியாதை ஒரு துளி குறையவில்லை. “கற்பனை” என்று சொல்லிவிட்டால் வீரருக்கு அவமானம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஒரு வீரரின் ஓவியம் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வரைந்தவர் யார்? எந்த வருஷம்? எதைப் பார்த்து வரைந்தார்? மூன்றாவது கேள்விக்கு “நேரில் பார்த்து”, “புகைப்படம் பார்த்து”, “எழுத்து வர்ணனை படித்து”, “மனதில் தோன்றியபடி” என்று நான்கில் ஒரு பதில்தான் வரும். எந்தப் பதிலும் குற்றம் இல்லை. பதிலே இல்லாமல் “உண்மை முகம்” என்று சொல்வதுதான் குற்றம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓரத்தில் சின்ன எழுத்தில் “கற்பனை ஓவியம்” என்றும் ஓவியர் பெயரும் போடுங்கள். ஸ்பான்சர் செய்த ஐம்பது பேர் முகத்துக்கு இடம் இருக்கிறது, இரண்டு வார்த்தைக்கு இடம் இல்லாமலா போய்விடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னமலைக்குக் கற்பனையிலாவது நூறு முகம் இருக்கிறது. அவரோடு நின்று செத்தவர்களுக்கு? அவர் படையில் இருந்தவராகப் போற்றப்படும் பொல்லானுக்கு ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் அரசு மணிமண்டபம் எடுத்ததே மிக அண்மையில்தான். 1805-ல் யாருக்கு ஓவியர் கிடைத்தார் என்பது அன்றைய அதிகாரத்தைக் காட்டுகிறது. இன்று யாரை வரைகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பது நம்மைக் காட்டுகிறது.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: “அவர் மூஞ்சி யாருக்கும் தெரியாது கண்ணு. ஆனா அவர் நின்ன இடம் தெரியும்.” ஓடாநிலை நம் ஊரில் இருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரும் தூரம். சங்ககிரிக் கோட்டை இன்னும் மலைமேல் நிற்கிறது, படி ஏறிப் போகலாம். லீவில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வரச் சொன்னேன். அவளுக்குத் தோன்றுகிற சின்னமலையை அங்கே உட்கார்ந்து அவளே வரையட்டும். கீழே தன் பெயரையும் வருஷத்தையும் மறக்காமல் எழுதட்டும்.